பூஜ்யத்தை விழுங்கிய பெட்டி

ஹாம்பர்க்குக்குப் போட்ட போன் நாலாவது தடவையும் ஹாம்பர்க்குக்குப் போகவில்லை.

"யோவ் அன்ஸ்கர், மறுபடியும் அந்தம்மாதான்யா எடுக்கறாங்க!" என்று விற்பனை அறையிலிருந்து ஃபோல்கர் கத்தினான்.

அன்ஸ்கர் கெர்ஸ்டிங், ஷூல்ட்டே ஏணித் தொழிற்சாலையில் கொள்முதல் பார்ப்பவர். போன வாரம் பழைய தொலைபேசிப் பெட்டி புகைந்து உயிரை விட்டது. புதுப் பெட்டி வந்து இறங்கியதும், "காப்பி மெஷினைத் தட்டிச் சரிபண்ணவர் நீங்கதானே? இதையும் பாருங்க" என்று முதலாளியம்மா ரோஸ்விதா ஷூல்ட்டே அவர் தலையில் கட்டிவிட்டார். இந்த ஒரு தகுதியோடுதான் அன்ஸ்கர் களத்தில் இறங்கினார்.

விஷயம் விளையாட்டல்ல. ஹாம்பர்க் துறைமுகத்துக்கு நானூறு கப்பல் ஏணிகள். புதன்கிழமைக்குள் பேசி உறுதி செய்யாவிட்டால் ஆர்டர் வேறு யாருக்கோ போய்விடும். பட்டறையில் இருக்கும் பதினொரு பேரில் பாதிப்பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கும். முதலாளியம்மா இதைக் கோபமாகச் சொல்லியிருந்தால்கூட அன்ஸ்கர் தாங்கியிருப்பார். மெதுவாகச் சொன்னார்.

அந்த ஆபீசில் முப்பது வருஷமாக ஒரு வழக்கம். வெளியே பேச வேண்டுமென்றால் முதலில் ஒரு பூஜ்யத்தை அழுத்த வேண்டும், அப்புறம்தான் எண். புதுப் பெட்டிக்கு அந்தப் பூஜ்யம் தேவையில்லை. ஆனால் முப்பது வருஷமாகப் பழகின விரல்களுக்கு யார் போய்ச் சொல்வது? அன்ஸ்கர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். எவரும் படிக்க மாட்டார்கள் என்பது தெரிந்ததால், பெட்டிக்குள்ளேயே ஒரு விதியும் எழுதினார்: எண்ணின் முதல் பூஜ்யத்தை விழுங்கிவிடு.

எழுதி முடித்ததும் அவருக்கு மெய்சிலிர்த்தது. ஒரே ஒரு வரி! அந்த ஒரு வரி இருபத்துமூன்று பேரின் விரல்களை ஆள்கிறது. சாப்பாட்டு டப்பா அளவு பெட்டி, பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு, உலகத்தில் எந்த மூலையில் இருப்பவனையும் எழுப்பிக் காதருகே உட்கார வைக்கிறது. அதற்கு வழி சொல்பவர் அன்ஸ்கர். கை கூப்பாத குறையாகப் பெட்டியைப் பார்த்தார்.

அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளாதது ஒன்றுதான். ஃபோல்கர் சுற்றறிக்கையைப் படித்துவிட்டான்.

படித்ததோடு நிற்காமல் சொன்னபடியும் நடந்தான். பழைய பூஜ்யத்தை விட்டுவிட்டு நேரே ஹாம்பர்க் எண்ணை அழுத்தினான். நாட்டில் எல்லா வெளியூர் எண்ணும் பூஜ்யத்தில்தான் ஆரம்பிக்கிறது. பெட்டி பசியோடு காத்திருந்தது. ஹாம்பர்க்கின் சொந்தப் பூஜ்யத்தை விழுங்கியது. மிச்சம் இருந்தது உள்ளூர் எண். ஆபீசுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு வீட்டில் மணி அடித்தது.

அன்ஸ்கர் தானே அந்த எண்ணைக் கூப்பிட்டார். மன்னிப்புக் கேட்பது முறையல்லவா?

"வணக்கம், மார்லீஸ் டோமெல் பேசறேன். உங்களுக்கு யார் வேணும், சொல்லுங்க?" என்றது குரல். காலையிலிருந்து நாலு தடவை தொந்தரவு செய்யப்பட்டவரின் குரல் மாதிரியே இல்லை.

"அம்மா, மன்னிக்கணும். எங்க பெட்டியில ஒரு சின்னக் கோளாறு. இனிமே வராது."

"வரட்டுமே. அதுக்குத்தானே இருக்கேன்."

அன்ஸ்கர் நெகிழ்ந்துபோனார். இப்படி ஒரு தங்கமான மனுஷிக்கு இன்னொரு முறை தொல்லை தரக் கூடாது என்று உறுதி பூண்டார். பெட்டியின் விதிப் பட்டியலில் இரண்டு கட்டங்கள் இருந்தன. ஒன்று, போகக் கூடாத எண்ணுக்கு. மற்றது, போக வேண்டிய எண்ணுக்கு. அன்ஸ்கர் மார்லீஸ் அம்மாவின் எண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சரிபார்த்து, மிகுந்த பக்தியோடு, தவறான கட்டத்தில் எழுதினார்.

அதன்பின் ஷூல்ட்டே தொழிற்சாலையிலிருந்து வெளியே போன ஒவ்வொரு போனும் மார்லீஸ் அம்மா வீட்டுக்குப் போனது.

பத்து நிமிஷம் ஒரு புகாரும் இல்லை. அன்ஸ்கர் சீஸ் வைத்த ரொட்டியைப் பிரித்தார். அப்போது ஃபோல்கர் வாசலில் வந்து நின்றான். கண் இரண்டும் விரிந்திருந்தது.

"யோவ், என்ன பெட்டிய்யா வாங்கி வெச்சிருக்கே? டோர்ட்முண்டுக்குப் போட்டேன். ஒரு குரல், 'யார் வேணும்?'னு கேட்டுது. பேரைச் சொன்னேன். 'போனை வெச்சுட்டு இருங்க'ன்னுச்சு. ரெண்டே நிமிஷம். டோர்ட்முண்ட்காரரே என்னைக் கூப்பிடறார்!"

அன்ஸ்கர் ரொட்டியைக் கீழே வைத்தார். டோர்ட்முண்ட்காரரைக் கூப்பிட்டுச் சொன்னது மார்லீஸ் அம்மாவேதான். உள்ளே வரும் அழைப்புகளின் பக்கம் அவர் போகவே இல்லை. அதனால் அவை மட்டும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன.

"அது மெஷின் குரலா?" என்றார் ஈனஸ்வரத்தில்.

"பின்னே? காலையில எடுத்த அந்தம்மா குரலை அப்படியே பிடிச்சு வெச்சிருக்கு. மனுஷன் எவன் இவ்வளவு பொறுமையாப் பேசுவான்?"

மத்தியானத்துக்குள் ஆபீஸ் முழுக்க அதே பேச்சு. பல் டாக்டரைக் கூப்பிட்ட கிடங்குக்காரரிடம், "இன்னிக்கு அவர் இருக்க மாட்டாரே, நாளைக்குக் காலையில நேரம் வாங்கித் தரட்டுமா?" என்று பெட்டி கேட்டதாம். மரக்கடையோடு சண்டை போடப் போன் எடுத்த பட்டறை மேஸ்திரியிடம், "கோபமா இருக்கீங்க, தண்ணி குடிச்சிட்டு வாங்க" என்றதாம். அவர் குடித்துவிட்டு வந்தாராம். இருபத்தாறு வருஷமாக அவர் மனைவியால் ஆகாத காரியம்.

கடைசியில் முதலாளியம்மாவே வந்துவிட்டார். பெட்டிக்கு எதிரே நின்று, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அன்ஸ்கர், இது நடுவுல மூச்சு விடுது. நான் கேட்டேன்" என்றார்.

"மேடம், அது வந்து…"

"எப்படிங்க முடிஞ்சுது உங்களால?"

இருபத்திரண்டு வருஷ வேலையில் இந்தக் கேள்வியை அவரிடம் எவரும் கேட்டதில்லை. காப்பி மெஷினுக்குக்கூட. நாக்கு நுனி வரை வந்த உண்மையை அன்ஸ்கர் எச்சிலோடு சேர்த்து விழுங்கினார்.

எல்லோரும் போனபின் ரகசியமாக அந்த விதியை அழித்துவிட நினைத்தார். அவசரத்தில் அழிந்தது பக்கத்து வரி. ஆபீசுக்குள் பேசுவது ஆபீசுக்குள்ளேயே இருக்கட்டும் என்று சொன்ன வரி அது. செவ்வாய்க்கிழமை காலை முதல், அடுத்த அறைக்குப் போட்ட போனும் மார்லீஸ் அம்மாவிடம் போயிற்று. ஒரே நேரத்தில் பலர் கூப்பிட்டால், 'வரிசையில் ஏழாவது' என்று பெட்டி சொல்லிப் பியானோ வாசித்தது.

அந்த அம்மா அதற்கும் அசரவில்லை.

"கேன்டீனைக் கூப்பிட்டேன்," என்றார் கிடங்குக்காரர் பரவசத்தோடு. "'நீங்க எங்கே இருக்கீங்க?'ன்னு கேட்டுது. 'எதிர் ரூம்ல'ன்னேன். 'அப்ப எழுந்து போங்க, காலுக்கும் நல்லது'ன்னுச்சு. போனேன். நல்லாத்தான் இருந்தது."

அன்ஸ்கர் சிரிக்கவில்லை. அவருக்குப் பயத்தையும் மீறி ஒரு பிரமிப்பு வந்துவிட்டது. யார் இந்த மனுஷி? திட்டவில்லை, போனைப் பிடுங்கிப் போடவில்லை, போலீசுக்குப் போகவில்லை. முன்பின் தெரியாத இருபத்துமூன்று பேரின் காரியங்களைத் தன் காரியமாக இழுத்துப் போட்டுக்கொள்கிறார். இப்படியும் ஒரு மனசை ஆண்டவன் படைத்திருக்கிறானே என்று நினைத்தபோது அவருக்குக் கண் கலங்கியது.

புதன்கிழமை. ஹாம்பர்க்குக்கு முதலாளியம்மாவே போன் போட்டார். ஒலிபெருக்கியைத் திறந்து வைத்தார். அன்ஸ்கர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பதினொரு பேரும் பட்டறையிலிருந்து வந்து அவர் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள்.

"வணக்கம், யார் வேணும்?"

"ஹாம்பர்க் துறைமுகம். ஏணி விஷயமா."

"காலையிலேயே அவங்ககிட்ட பேசிட்டேன். ஃபோல்கர் சார் திங்கட்கிழமையிலிருந்து முட்டிக்கிட்டு இருந்தாரே. உப்புக்காத்துல திருகெல்லாம் துருப்பிடிச்சுடுமோன்னு அவங்களுக்குப் பயம். விலையைப் பத்தி வாயே திறக்காதீங்க. துருவைப் பத்தி முதல்ல சொல்லுங்க. இப்ப துறைமுகத்துக்காரரே கூப்பிடுவார்."

முதலாளியம்மா போனை வைத்தார். ஒரு நிமிஷத்தில் மணி அடித்தது. ஹாம்பர்க்! முதலாளியம்மா துருவைப் பற்றி மட்டும் பேசினார், அதுவும் கால் மணி நேரம். பேசி முடித்தபோது நானூறு ஏணியும் உறுதி. பட்டறைக்காரர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். மேஸ்திரி அழுதார், தண்ணீர் குடிக்கப் போனார். முதலாளியம்மா தொப்பியைக் கழற்றுகிறவர் மாதிரி பெட்டிக்கு முன்னால் கொஞ்ச நேரம் தலை குனிந்து நின்றார்.

அன்ஸ்கரால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "மேடம், அது பெட்டி இல்லை. இரண்டு தெரு தள்ளி இருக்கற ஒரு அம்மா. எல்லாம் என் முட்டாள்தனம்" என்று ஒரே மூச்சில் கொட்டினார்.

முதலாளியம்மா அன்ஸ்கரின் கோட்டை எடுத்தார். அவர் கையில் கொடுத்தார். "போங்க. காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேளுங்க. வழியில ஒரு பிளம் கேக் வாங்கிக்குங்க. பெரிசா."

கதவைத் திறந்த மார்லீஸ் அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். வீட்டில் தனியாக இருப்பவர், சலவை மடிப்பு கலையாத கோட்டும் கழுத்தில் பட்டுத் துணியுமாக நின்றார். பின்னால் மேஜையில் இரண்டு போன்கள், இருமல் மிட்டாய், நுணுக்கி எழுதின மூன்று நோட்டுகள்.

"ஷூல்ட்டே ஏணிக் கம்பெனியிலிருந்து வர்றேன்," என்றார் அன்ஸ்கர். கேக் பெட்டியை நீட்டினார். "மூணு நாளா நடந்ததெல்லாம்… எல்லாத்துக்கும் நான்தாங்க காரணம்."

"தெரியுமே!" என்று அந்த அம்மா புன்னகைத்தார். "எதிர் ரூம்ல இருந்துக்கிட்டு என் வழியா கேன்டீனைக் கூப்பிடறதெல்லாம் வேணும்னே செட்டப் பண்ணாம எப்படிங்க நடக்கும்?"

அன்ஸ்கருக்குப் புரியவில்லை. அந்த அம்மா கோட்டை இழுத்து விட்டுக்கொண்டு, பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்றார்.

"'எந்தக் கம்பெனின்னு சொல்ல மாட்டோம், டெலிபோன் ஆபரேட்டர் வேலைக்குத் திங்கட்கிழமையிலிருந்து வீட்டுக்கே சோதனை கால் வரும்'னு வேலைவாய்ப்பு ஆபீஸ்ல சொன்னப்ப, இவ்வளவு கஷ்டமா இருக்கும்னு நினைக்கலைங்க. மறைக்காம சொல்லுங்க, நான் பாஸா, ஃபெயிலா?"