ஜனவரியில் அளந்த சதுப்பு நிலம்

படித்த படிப்பை வைத்து அடுத்தவருக்கு உபகாரம் செய்யக் கிளம்புகிறவனைப் போல ஆபத்தானவன் உலகத்தில் கிடையாது. திருடனாவது வந்த வேலை முடிந்ததும் போய்விடுவான். உபகாரியோ காபி குடித்துவிட்டு, "வேறு ஏதாவது இருந்தாலும் கூப்பிடுங்கள்" என்று சொல்லிவிட்டுத்தான் போவான். எழுபதுகளின் நடுவில், ஜெர்மனியில், நான் அப்படி ஓர் உபகாரியாக இருந்தேன்.

அப்போது ஆஹென் நகரத்தில் பாசனக் கால்வாய்களைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். (ஆராய்ச்சி என்றால், கண்ணாடிச் சுவர் வைத்த நீளமான தொட்டியில் தண்ணீரை விட்டு, அது ஓடுவதை வெளியே நின்று பார்ப்பது. அத்தனை நாளில் என் கால்விரல்கூட நனைந்ததில்லை.) நகரத்துக்குள் அறை கிடைக்கவில்லை. பஸ்ஸில் போய்வருகிற தூரத்தில், பெல்ஜியம் எல்லையை ஒட்டிய ஒரு கிராமத்தில், லின்டன் தம்பதியின் வீட்டு மாடியில் இடம் கிடைத்தது. நவம்பரில் குடிபோனேன். அந்த வீட்டின் பின்புறத்தில் ஒரு சிறு தோட்டம், துணி காயப்போடும் கம்பங்கள், அதற்கப்பால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை சதுப்பு நிலம் என்று சொன்னார்கள்.

ஹெர் லின்டன், அதாவது திருவாளர் லின்டன், நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சுரங்கத்துத் தூசி நுரையீரலில் படிந்து, மூன்று படி ஏறினால் நான்காவது படியில் உட்கார்ந்துவிடுவார். படுக்கையறை மாடியில் என் அறைக்கு எதிரே இருந்தது. காலையில் அவர் கீழே இறங்குவதும், இரவில் மேலே ஏறுவதும், அவர் மனைவி ஃபிராவ் லின்டன் பின்னால் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வருவதும் எனக்குக் கேட்கும். குளிர் கூடியதும் அவர் இறங்குவதையே விட்டுவிட்டார். சாப்பாடு மாடிக்குப் போனது.

கீழே ஓர் அறை கட்டிவிடலாம் என்று ஃபிராவ் லின்டன் முடிவு செய்தார். சமையலறையை ஒட்டி, வீட்டின் பின்பக்கம். ஆனால் கட்டட அலுவலகம் சம்மதிக்கவில்லை. பின்னால் இருப்பது சதுப்பு. அது வீட்டிலிருந்து எத்தனை தூரத்தில் ஆரம்பிக்கிறது, நடுவில் சும்மா விடவேண்டிய நிலம் போதுமான அகலத்துக்கு இருக்கிறதா, புதுக் கூரையின் மழைத்தண்ணீர் எங்கே போகும், அஸ்திவாரம் தோண்டினால் சதுப்பின் தண்ணீர் வடிந்துவிடாதா, இதையெல்லாம் விஷயம் தெரிந்த ஒருவர் பார்த்து எழுதித்தர வேண்டும் என்றார்கள்.

"விஷயம் தெரிந்தவரை நான் எங்கே போய்த் தேடுவேன்?" என்றார் ஃபிராவ் லின்டன், சூப்பைக் கிளறியபடியே.

நான் தொண்டையைச் செருமினேன். "நான் இருக்கிறேனே" என்றேன்.

அந்த அம்மாள் கரண்டியை வைத்துவிட்டு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அதுவரை அந்த ஊரில் யாரும் என் கையைப் பிடித்ததில்லை. அந்த நிமிடம் அவர் கேட்டிருந்தால், சதுப்பையே சுருட்டி எடுத்து பெல்ஜியத்துக்குள் வைத்திருப்பேன்.

ஜனவரி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலையைத் தொடங்கினேன். துணைக்கு நாகூர்க்காரன் யூசுப் வந்திருந்தான். ஆஹெனில் வேதியியல் படித்தவன்; எதையும் சந்தேகப்படுவது அவன் குணம். தரை முழுக்கப் பனி. டேப்பை இழுத்துக்கொண்டு நடந்தோம். துணிக்கம்பம் தாண்டினோம், வேலி தாண்டினோம், தூரத்தில் நின்ற மரவரிசை வரைக்கும் போய்விட்டோம். ஒரு சொட்டு ஈரம் இல்லை. சிமெண்டுத் தரையில் நடப்பது போல இருந்தது.

நான் ராமநாதபுரம் ஜில்லாக்காரன். எனக்குத் தெரிந்து தரை இரண்டு வகை: வெடித்தது, வெடிக்காதது. இது வெடிக்காதது. ஆகவே நல்ல தரை.

"தோண்டிப் பார்த்துடலாம்டா" என்றான் யூசுப்.

மண்வெட்டியை ஓங்கிப் போட்டேன். அது 'ணங்' என்று எகிறி என் முழங்காலில் அடித்தது. மறுபடி போட்டேன். மறுபடி எகிறியது.

"பார்த்தியா, எவ்வளவு கெட்டி? இதுல அஞ்சு மாடி கட்டலாம்" என்றேன்.

"மேல கெட்டியா இருக்கு, சரி. உள்ள எப்படி இருக்குன்னு பார்க்க வேணாமா?"

"மேல இப்படி இருந்தா உள்ள இன்னும் ஸ்ட்ராங்காத்தான்டா இருக்கும். இது எங்க சப்ஜெக்ட். நீ டேப்பைப் பிடி."

பிடித்தான். பாவம், வந்ததே ஃபிராவ் லின்டனின் ஆப்பிள் கேக்குக்காக.

அறிக்கையைப் பெருமையோடு எழுதினேன். 'மண்: மிகக் கடினமானது. நீர்: காணப்படவில்லை. தாவரங்கள்: காணப்படவில்லை.' (எல்லாம் பனிக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தன.) சதுப்பு அந்த மரவரிசைக்கு அப்பால்தான் தொடங்குகிறது, கட்டப்போகும் அறைக்கும் அதற்கும் நடுவில் கால்பந்து விளையாடும் அளவுக்கு இடம் இருக்கிறது, ஆகையால் பாதிப்பு எதுவும் இல்லை என்று முடித்தேன். வண்ணப் பென்சிலில் வரைபடம் வேறு.

கட்டட அலுவலகத்திலிருந்து ஓர் அலுவலர் ஏப்ரலில் நேரில் பார்க்க வந்தார். உயரமான, அமைதியான மனிதர். அவர் முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார். நான் கோட்டு, டை, பாலிஷ் போட்ட ஷூ. (அந்த பூட்ஸைப் பார்த்தாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.) பனி போய், பின்பக்கம் பச்சைப் பசேலென்று புல் முளைத்திருந்தது. நான் முன்னால் நடந்து விளக்கிக்கொண்டே போனேன். அலுவலர் துணிக்கம்பத்தருகே நின்றுவிட்டார்.

"ஹெர் முத்து, அதற்கு மேல் போகவேண்டாம்" என்றார்.

"கவலையே வேண்டாம். இங்கே எல்லாம் நல்ல உறுதி" என்று சொல்லி, அதை நிரூபிப்பதற்காக இரண்டு காலையும் சேர்த்து ஒரு குதி குதித்தேன்.

பூமி 'ப்ளுக்' என்றது. தொடை வரை உள்ளே போய்விட்டேன். ஒரு காலைத் தூக்க முயன்றேன். மற்ற கால் இன்னும் இறங்கியது. அதைத் தூக்க முயன்றேன். இடுப்பு வந்துவிட்டது. சேறு ஐஸ் மாதிரிக் குளிர்ந்தது.

"அசையாதீர்கள்" என்றார் அலுவலர். தன் கைத்தடியை நீட்டினார், எட்டவில்லை. அவர் ஓர் அடி முன்னால் வைத்தார். அவருடைய பூட்ஸும் இறங்கத் தொடங்கியது. உடனே பின்வாங்கி, நிதானமாக, "ஃபிராவ் லின்டன், தீயணைப்புக்காரர்களைக் கூப்பிடுங்கள்" என்றார்.

அந்த ஊர்த் தீயணைப்புப் படை என்பது ரொட்டிக்கடைக்காரர், தபால்காரர், பால்பண்ணைக்காரர், இப்படி ஊராரே சேர்ந்தது. அவர்களைக் கூப்பிட ஒரே வழி, தேவாலயத்துக்குப் பக்கத்தில் இருக்கிற சங்கை ஊதுவது. சங்கு ஊதியது. ஊரே ஓடிவந்தது. வெள்ளைத் தொப்பியோடு ரொட்டிக்கடைக்காரர் வந்தார். கைக்குழந்தையோடு பெண்கள் வந்தார்கள். எங்கே நெருப்பு என்று கேட்டவர்களுக்கு எல்லாரும் என்னைக் காட்டினார்கள். கோட்டும் டையும் மட்டும் வெளியே தெரிய, நான் எல்லாருக்கும் வணக்கம் சொன்னேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஏணியைப் படுக்கப் போட்டு, அதன்மேல் தவழ்ந்து வந்து, என் அக்குளில் கயிறு கட்டி இழுத்தார்கள். நான் வந்தேன். ஷூ வரவில்லை. பேண்ட்டும் வரவில்லை. சேறு அதைக் கேட்டு வாங்கிக்கொண்டது. பரமக்குடி தையல்காரர் தைத்துக்கொடுத்த, முழங்கால் வரை தொங்கும் கோடுபோட்ட பட்டாபட்டியோடு நான் ஏணியின் மேல் குப்புறக் கிடந்தேன். அந்த ஊரில் அப்படி ஓர் உடையை யாரும் பார்த்ததில்லை. ரொட்டிக்கடைக்காரர் தொப்பியைக் கழற்றினார்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. வாசற்படியில், கைப்பிடியைப் பிடித்தபடி ஹெர் லின்டன் நின்றிருந்தார். சங்குச் சத்தம் கேட்டு அவராகவே மாடியிலிருந்து இறங்கி வந்திருக்கிறார். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடியும் சிரிப்பாகி, கண்ணில் நீர் வழிந்தது. ஃபிராவ் லின்டன் என்னை விட்டுவிட்டு அவரிடம் ஓடினார். "இந்தக் குளிர்காலம் முழுக்க இவர் சிரிக்கவே இல்லை" என்று யாரிடமோ சொன்னார்.

பிறகு சமையலறையில், இடுப்பில் மேஜைவிரிப்பைச் சுற்றிக்கொண்டு, நான் அடுப்பை ஒட்டி உட்கார்ந்தேன். அலுவலர் என் வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார்.

"எந்த மாதம் அளந்தீர்கள்?"

"ஜனவரி."

அவர் தலையை மெதுவாக ஆட்டினார். "ஜனவரியில் சேறெல்லாம் உறைந்து கிடக்கும். இதன்மேல் லாரியே ஓட்டலாம்."

எனக்கு அழுகை முட்டியது. ஹெர் லின்டனுக்கு ஓர் அறை வேண்டியிருந்தது. நான் அதைச் சேற்றில் போட்டுவிட்டேன். ஃபிராவ் லின்டனிடம் மன்னிப்புக் கேட்டேன். "அங்கே ஈரம் என்று எனக்கும் தெரியும்" என்றார் அவர், என்னைச் சமாதானப்படுத்துவது போல. "ஆனால் நீங்கள் படித்தவர். ஈரம் வேறு, சதுப்பு வேறு என்று ஏதாவது இருக்குமென்று நினைத்தேன்."

"பின்பக்கம் கட்ட முடியாது" என்றார் அலுவலர். "சும்மா விடவேண்டிய நிலத்துக்கே அங்கே இடம் போதவில்லை. ஆனால் ஏன் பின்பக்கம்?"

"இவருக்குச் சதுப்பைப் பார்த்துக்கொண்டு அமைதியாக இருக்கப் பிடிக்கும்" என்றார் ஃபிராவ் லின்டன்.

"நான் எப்போது சொன்னேன்?" என்றார் ஹெர் லின்டன். மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தார். "அமைதி எல்லாம் பூமிக்குள் இருந்தபோதே போதும் போதுமென்று ஆகிவிட்டது. எனக்குத் தெரு வேண்டும். ஆட்கள் வேண்டும்."

அந்த அம்மாள் போய் முன்பக்க ஜன்னலின் திரையை விலக்கினார்.

முன்பக்கம் இடம் இருந்தது. அடுத்த வாரமே அலுவலரோடு சேர்ந்து, கடன் வாங்கிய ரப்பர் பூட்ஸில், திரும்ப எல்லாவற்றையும் அளந்தேன். கையில் நீண்ட கம்பு. கம்பு உள்ளே இறங்கிய இடத்துக்கு நான் போகவில்லை. சதுப்பு துணிக்கம்பத்துக்கு அந்தப் பக்கமே தொடங்கியது. முன்பக்கக் கூரைத் தண்ணீர் தெருச் சாக்கடைக்குப் போய்விடும், சதுப்பைத் தொடாது. கோடையில் அறை எழும்பியது. ஹெர் லின்டன் ஜன்னலருகே உட்கார்ந்து, போகிற வருகிறவர்களை எல்லாம் கூப்பிட்டு நிறுத்தி, என் பட்டாபட்டியின் கோடுகளை வர்ணித்தார். கல்யாணமாகி என் மனைவி செல்வி அந்த ஊரில் வந்து இறங்கிய அன்று, நான் பெட்டியை உள்ளே வைப்பதற்குள் அவளிடமும் கைஜாடையிலேயே நடித்துக் காட்டிவிட்டார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நான் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. "இன்னைக்கு மழை வராது" என்றால் செல்வி கேட்பாள்: "எந்த மாசம் அளந்தீங்க?" பிள்ளைகளும் கற்றுக்கொண்டார்கள். யூசுப் போனில்கூட விடுவதில்லை.

பல வருஷம் கழித்து என் மகள் ஒரு ஜெர்மன் பையனைக் கூட்டிவந்தாள். அவன் போன பிறகு, "நல்ல பையனாத்தான் தெரியுது" என்றேன். செல்வி என்னைப் பார்த்தாள். கேள்வி வரப்போகிறது என்று நானும் காத்திருந்தேன்.

மகள் முந்திக்கொண்டாள். "கவலைப்படாதீங்கம்மா. அப்பா இன்னைக்குத்தான் பார்த்தாரு. நான் ஏப்ரல்லயும் பார்த்துட்டேன்."