கேட் மூடினால்தான் சுண்டல்

கொருக்குப்பேட்டை,
ரயில்வே கேட் அருகில்,
ஆகஸ்ட் 2009.

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

பயந்துகொண்டே எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் தங்கள் அச்சு இயந்திரமும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே கேட் மூடியிருக்கும்போது நாங்கள் நலம். திறந்திருக்கும்போது சுமார்.

சென்னையிலிருந்து மணிக்கு முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் ரயில் விட அரசாங்கம் பணம் ஒதுக்கலாமா, பொதுமக்கள் கருத்தை எழுதி அனுப்பலாம் என்று தங்கள் பத்திரிகையில் போட்டிருந்தீர்கள். அதை நான் கடையில் வாங்கிப் படிக்கவில்லை, மன்னிக்கவும். எடைக்கு வாங்கிய பழைய பேப்பரில் சுண்டலுக்குப் பொட்டலம் மடிக்கும்போது படித்தேன். கடைசித் தேதி இருந்த மூலையை அதற்குள் ஒருவர் சுண்டலோடு வாங்கிக்கொண்டு போய்விட்டார். பெயர், முகவரி கட்டாயம் வேண்டும் என்றும் போட்டிருந்தீர்கள். தயவுசெய்து என் பெயரைக் கேட்காதீர்கள். 'கேட் அருகே சுண்டல் விற்கும் பெண்' என்றும் போட்டுவிடாதீர்கள், இங்கே அப்படி நான் ஒருத்திதான் இருக்கிறேன்.

என் கருத்து, பணம் கொடுக்க வேண்டாம் என்பது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சத்தமாகப் பேச வராது. பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடும்போது 'உள்ளேன் ஐயா' என்று சொல்ல வேண்டும் அல்லவா, அது என் தொண்டை வரை வந்து அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். வாத்தியார் தலை நிமிராமல் ஆப்சென்ட் போட்டுவிடுவார். அப்படி, தினமும் பள்ளிக்கூடம் போயும் வராத பெண்ணாகவே எட்டாவது வரை படித்தேன். அதோடு நின்றுவிட்டேன். அதன் பிறகு அம்மா என்னைக் கேட்டில் உட்கார வைத்தாள். ஐயா, உலகத்திலேயே கூவாமல் வியாபாரம் செய்யக்கூடிய ஒரே இடம் மூடிய ரயில்வே கேட்தான். வண்டியில் வந்தவர்கள் எங்கேயும் போக முடியாது. ஹாரன் அடித்துப் பார்ப்பார்கள், கேட்காரரைத் திட்டுவார்கள், வேறு வழியில்லாமல் சுண்டல் நிரப்பிய என் அன்னக்கூடையைப் பார்ப்பார்கள். நான் பொட்டலத்தை நீட்டினால் போதும். ஒரு கண்ணை மட்டும் சிக்னல் மேலேயே வைத்திருப்பேன், ஏனென்றால் சிக்னல் விழுந்தால் ரயில் கிளம்பிவிடும், கேட் திறந்து கொஞ்ச நேரத்தில் எல்லோரும் போய்விடுவார்கள்.

இப்படி நிம்மதியாக இருந்த நான், தங்கள் செய்தியைப் படித்த பயத்தில் அதைப் பக்கத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கும் சௌக்கத் அலி பாயிடம் காட்டினேன். அவர் அதை ஆட்டோக்காரர் திருமலை அண்ணனிடம் காட்டினார். அத்தோடு என் நிம்மதி போயிற்று.

"இன்னா பாய், முந்நூறு கிலோமீட்டராமே! நம்ம கேட்டு தொறக்கறதுக்குள்ள அது நெல்லூர்ல டீ குட்ச்சிகினு இருக்கும்."

"கேட்டே கெடையாதாம்பா. ரெண்டு பக்கமும் செவுரு கட்டி, மேல பாலம் போட்ருவானாம்."

அப்போது அன்னக்கூடையை இறக்கி வைத்த என் அம்மா பச்சையம்மா, "செவுரு கட்டுனா நாங்க இன்னா பண்றது? செவுத்தாண்ட எவன் வந்து நிப்பான்?" என்றாள்.

"நிப்பான்க்கா," என்றார் திருமலை அண்ணன். "ஆனா சுண்டலுக்கு நிக்க மாட்டான்."

அம்மா கரண்டியை எடுத்துக்கொண்டு அவரைத் துரத்தினாள். அவர் தண்டவாளத்தின் மேல் போய் நின்றுகொண்டு, அரசாங்கம் பணம் கொடுத்தே ஆக வேண்டும் என்று கத்தினார். கேட் அப்போது திறந்திருந்தது. சைக்கிள்காரர்கள் இறங்கிக் கருத்து சொன்னார்கள், ஷேர் ஆட்டோவில் இருந்தவர்கள் இறங்காமலே கருத்து சொன்னார்கள், கேட்காரர் கேட்டை இறக்க முடியாமல் கொடியை ஆட்டிக்கொண்டே தன் கருத்தையும் சொன்னார். கடைசியில் வேகமான ரயில் வேண்டுமா வேண்டாமா என்ற சண்டையில், மெதுவாக வந்துகொண்டிருந்த கூட்ஸ் வண்டி ஒன்று நின்றேவிட்டது. ரயில்வே போலீஸ்காரர் வந்து, "எவன்யா இத்த ஆரமிச்சது?" என்று கேட்டபோது நான் அன்னக்கூடைக்குப் பின்னால் அன்னக்கூடை அளவுக்குச் சுருங்கி உட்கார்ந்திருந்தேன்.

எழுதத் தெரிந்தவர்களில் நான் ஒருத்திதான் சும்மா இருக்கிறேன் என்று, பிறகு எல்லோரும் என்னிடமே வந்தார்கள். "குட்த்தே ஆவணும்னு எழுது, இல்லாங்காட்டி உன்னாண்ட சுண்டலே வாங்க மாட்டேன்" என்றார் திருமலை அண்ணன். தலையாட்டினேன். "குட்த்தா ரயில் முன்னால படுத்துக்குவேன்னு எழுதுடி" என்றாள் அம்மா. அதற்கும் தலையாட்டினேன். பாய் மட்டும் யோசித்து, "கூட்ஸு நின்னா அடியில பூந்து அந்தாண்ட போறேன், முப்பது வருசமா. முந்நூறு கிலோமீட்டர் வண்டிக்கு அடியில எப்டிம்மா பூர்றது? அத்த ஒரு வார்த்தை கேட்டு எழுது" என்றார். கேட்டுவிட்டேன் ஐயா. பதில் போடவும்.

இரவில் தூக்கம் வருவதில்லை. கேட் போய்விட்டால் நான் திருவொற்றியூர் தேரடியில் கூவி விற்க வேண்டும் என்கிறாள் அம்மா. ஒரு நாள் பழக்குவதற்காக என்னை அங்கே கொண்டுபோய் நிறுத்தினாள். வாயைத் திறந்தேன், காற்று மட்டும் வந்தது. சாயங்காலம் முழுக்க நின்றதில் ஒருவர், "யாரையாச்சும் தொலைச்சிட்டியாமா?" என்று விசாரித்தார். இன்னொரு அம்மாள் கும்பிட்டுவிட்டு என் அன்னக்கூடையில் காசு போட்டுவிட்டுப் போனார். ஆகவே அந்த ரயில் வேண்டாம் ஐயா. அரசாங்கம் அந்தப் பணத்தை வேறு எதற்காவது கொடுக்கட்டும். கேட் கதவுக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்தாலும் நல்லதுதான்.

பெரியவர்களுக்கு என் வணக்கமும் சின்னவர்களுக்கு என் அன்பும். தங்கள் பேப்பர் எண்ணெயை நன்றாகத் தாங்குகிறது, அதற்கும் நன்றி.

இப்படிக்கு,
பெயர் வேண்டாம்.

பின்குறிப்பு: மேலே எழுதியதைத் தயவுசெய்து படிக்காமல் விட்டுவிடவும். தபால்பெட்டிக்குப் போகும் முன் இன்று ஒன்று நடந்துவிட்டது. கேட் மூடி, கூட்ஸ் வண்டி குறுக்கே நின்றிருந்தது. பாய் என்னிடம் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு, வழக்கம்போல் குனிந்து வண்டிக்கு அடியில் நுழைந்தார். நான் வழக்கம்போல் சிக்னலைப் பார்த்தேன். விழுந்துவிட்டது. தூரத்தில் என்ஜின் இழுத்த சத்தம் ஒவ்வொரு பெட்டியாக எங்களை நோக்கி ஓடி வந்தது. யாரும் பாயைப் பார்க்கவில்லை. நான் மட்டும்தான் பார்த்தேன்.

"பாய்! வெளிய வா!"

அது யாருடைய குரல் என்று நானே திரும்பிப் பார்த்தேன் ஐயா. பாய் பின்பக்கமாக வந்து விழுந்தார். ஒரு செருப்பு மட்டும் உள்ளே தங்கி, இரண்டு துண்டாயிற்று. அவர் தரையில் உட்கார்ந்தபடியே, "இன்னாம்மா, உனுக்கு வாய் கீதா?" என்றார். கேட்டில் நின்ற அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். அவ்வளவு பேர் பார்த்தால் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று பயந்து, "சுண்டல்!" என்று கத்திவிட்டேன். அன்னக்கூடை காலியாகிவிட்டது. "இத்தினி நாளா இத்த எங்கடி ஒளிச்சி வெச்சிருந்த?" என்று அம்மா அழுதுகொண்டே என்னை அடித்தாள்.

பாயாவது திருந்துவார் என்று நினைத்தேன். ஒரு மணி நேரம் கழித்து அடுத்த கூட்ஸ் வந்து நின்றது. பாய் புதுச் செருப்பு வாங்கப் போக வேண்டும் என்று அதன் அடியில் நுழைந்தார். ஆகவே பணம் கொடுத்துவிடச் சொல்லுங்கள். பாய் நுழைய முடியாதபடி சுவர் முதலில் வரட்டும், ரயில் பிறகு மெதுவாக வந்தால் போதும். நான் தேரடிக்குப் போய்க்கொள்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும். பெயரைத் தாராளமாகப் போடலாம்.

உள்ளேன் ஐயா,
பவானி.