கேட்டை விடாத டோக்கன்

ஜூலை 9, செவ்வாய்க்கிழமை. காலை 5.10-க்கு எழுந்தேன். 5.20-க்கு மோட்டார் போட்டு, தொட்டி நிரம்பியதும் 5.45-க்கு நிறுத்தினேன். பால் பாக்கெட் இரண்டு. பருத்திப்பட்டு ஏரிக்கரையில் மூன்று சுற்று நடை, முப்பத்தாறு நிமிடம். இட்லி நான்கு. வழக்கமாக 7.25-க்கு வேலைக்குக் கிளம்பிவிடுவேன். அன்று விடுப்பு எழுதிக் கொடுத்திருந்தேன். எட்டு மணிக்குப் பக்கத்து வீட்டுப் பெரியவர் டோக்கனை ஆட்டோவில் ஏற்றி, மேனாம்பேட்டில் இருக்கும் முதியோர் பகல் பராமரிப்பு இல்லத்துக்கு அழைத்துப் போக வேண்டும். அங்கே அவர் மாலை நான்கு மணிவரை தங்கினால் தினமும் சேர்த்துக்கொள்வார்கள். தங்காவிட்டால், சனிக்கிழமை புனேயிலிருந்து அவருடைய மகன் ரமேஷ் வந்து, திருவள்ளூரைத் தாண்டி ஒரு முதியோர் விடுதியில் நிரந்தரமாகச் சேர்த்துவிடுவான்.

டோக்கனைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி மூன்றையும் சேர்த்துச் சலித்தாலும், சக மனிதர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமலேயே எழுபத்தொரு வயதை எட்டியவர் அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

எங்கள் தொழிற்சாலையில் அப்போது ஆளுக்கொரு பித்தளை வில்லை உண்டு. அதில் எண் பொறித்திருக்கும். அதற்குத்தான் டோக்கன் என்று பெயர். காலையில் கேட்டைத் தாண்டும்போது பெட்டியில் போட வேண்டும். இரண்டாவது சங்கு ஊதியதும் பெட்டியை மூடுபவர் இவர். முப்பத்தைந்து வருஷம் மூடினார். அந்தப் பெயரே அவருக்கும் ஒட்டிக்கொண்டது. நான் ஸ்டோர்ஸில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், "வணக்கம்ணே, என் பேரு தயாளன்" என்றேன்.

"பேர ஊட்ல வெச்சுகினு வா. நம்பர் இன்னா?" என்றார்.

2748. அதன்பின் இருபத்தாறு வருஷமாக அவருக்கு நான் அதுதான்.

புதிதாக வந்த ஓர் உயர் அதிகாரி ஒருநாள் டோக்கனை மறந்துவிட்டு வந்தார். "என்னைத் தெரியலையா?" என்று கேட்டார். "நா மொகத்த பாக்கறதில்ல சார். பித்தளையத்தான் பாக்கறேன்" என்று சொல்லிப் பெட்டியை மூடிவிட்டார் இவர். அதிகாரி பதினைந்து நிமிடம் வெயிலில் நின்றார். இன்னொரு முறை, எங்கள் பிரிவுப் பையன் ஒருவனின் கல்யாணத்துக்குச் சுவர்க் கடிகாரம் பரிசளித்தார். அதன்மேல் "3316-க்கும் அவர் துணைவியாருக்கும் அன்புடன்" என்று எழுதியிருந்தது. பெண் வீட்டார் கலங்கிப்போய், மாப்பிள்ளை எந்த ஜெயிலில் இருந்தார், எத்தனை வருஷம் என்று மண்டபத்திலேயே விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

வீட்டிலும் அப்படித்தான். மனைவி சரோஜா அக்காவுக்கு எண் ஒன்று. மகன் இரண்டு. "ஒண்ணு, காபி கொண்டா" என்பார். அக்கா கோபித்துக்கொண்டதில்லை. "அவரு வரிசையில மொதல்ல நிக்கிறேன் இல்ல தம்பி, போதும்" என்பார்.

ஓய்வு பெற்ற பிறகு ஏரிக்கரை நடைபாதையின் நுழைவாயிலைப் பிடித்துக்கொண்டார். நடக்க வரும் பழைய ஆட்களுக்கெல்லாம் வருகைப் பதிவு. "இன்னா 2748, மூணு நிமிசம் லேட்டு. ஊட்டுக்குத் திரும்பிப் போறியா, எழுதிக் குடுக்கறியா?" நான் எழுதிக் கொடுத்துவிட்டு நடந்திருக்கிறேன்.

இப்படிப்பட்ட மனிதருக்கு மறதி வந்தால் யாருக்குத் தெரியும்? பெயர்களை மறப்பது எல்லாருக்கும் முதலில் கண்ணில் படும் என்கிறார்கள். இவர்தான் பெயரே சொல்ல மாட்டாரே. எண்கள் மாறின. ஆனால் அவரவர் எண்ணை அவரவரே மறந்து பல வருஷம் ஆகியிருந்தது. வில்லைகள் போய் விரல் வைக்கும் இயந்திரம் வந்துவிட்டது. அதனால் அவர் சொன்ன எண்ணுக்கெல்லாம் எல்லாரும் "ஆஜர்" என்று சிரித்துவிட்டுப் போனோம். இரண்டு சட்டை போட்டுக்கொண்டு வந்தார், சிரித்தோம். விடிகாலையில் பழைய தொழிற்சாலை கேட்டில் போய் நின்றவரைக் காவலர்கள் வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். வேலைப்பித்து இன்னும் போகவில்லை என்று அதற்கும் சிரித்தோம். அக்காவையே "நாலு" என்று கூப்பிட்டபோது, வயசான காலத்தில் குறும்பைப் பார் என்று அக்காவே சிரித்தாராம்.

சென்ற தை மாதத்தில் ஒருநாள் என்னை 3316 என்று கூப்பிட்டார். நான் எதையும் எழுதி வைக்கிறவன். வீட்டுக்கு வந்து பழைய டைரிகளைப் புரட்டினேன். இரண்டு வருஷத்தில் பதினோரு இடத்தில் அவர் என்னைத் தவறான எண்ணில் அழைத்திருந்தார். பதினோரு இடத்திலும், என் கையெழுத்தில், "டோக்கன் இன்று நல்ல தமாஷ்" என்றிருந்தது.

அந்த வாரமே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். சீட்டு எழுதும் இடத்தில் பெயர் கேட்டார்கள். இருபத்தாறு வருஷப் பழக்கத்தில் அவர் பெயர் எனக்குத் தெரியாது. அக்கா சொன்னார். அதை இங்கே எழுதினாலும் ஏரிக்கரையில் ஒருவருக்கும் அடையாளம் தெரியாது என்பதால் விட்டுவிடுகிறேன்.

இளம் மருத்துவர் பொறுமையாகக் கேட்டார். "ஐயா, இன்னிக்கு என்ன கிழமை?"

"நீ எந்த ஷிப்ட்டு?" என்றார் டோக்கன்.

"காலை ஷிப்ட்டுங்க."

"அப்ப உனக்கே தெரிஞ்சிருக்கணும்."

மருத்துவர் சிரித்துவிட்டு, ஒரு தாளைக் கொடுத்துக் கடிகாரம் வரையச் சொன்னார். டோக்கன் வட்டத்தை நன்றாகப் போட்டார். பன்னிரண்டு எண்களையும் வலது ஓரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்துவிட்டு, பென்சிலைக் கீழே வைக்காமல், அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டிமென்ஷியா என்றார்கள். மாத்திரை எழுதினார்கள். மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார்கள். வெளியே வேப்பமரத்தடியில் அக்கா என்னிடம், "நோய்க்குப் பேரு சொல்லிட்டாங்க தம்பி. நாளைக்குக் காலையில எழுந்து நான் இன்னா பண்ணணும்னு யாரு சொல்லுவாங்க?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. நான் நோட்டுப் புத்தகம் போட்டு விசாரிக்க ஆரம்பித்தேன். முதல் இடத்தில் படுத்த படுக்கையாக இருப்பவர்களை மட்டும்தான் பார்ப்பார்களாம். "இவர் நடக்கிறாரே" என்று குறையாகச் சொன்னார்கள். இரண்டாவது இடத்தில் "அடிப்பாரா, கடிப்பாரா?" என்று கேட்டார்கள். "லேட்டா வந்தா திட்டுவார்" என்றேன். மூன்றாவது இடத்தில் மிகவும் அன்பாகப் பேசி, இதற்கென்றே இருக்கிற ஓர் இடத்தின் எண்ணைத் தந்தார்கள். அது முதல் இடத்தின் எண்.

இதற்குள் அக்கா இளைத்துப் பாதியாகிவிட்டார். சர்க்கரைக்காரர். இடது காலில் புண். காலை ஊன்றக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் டோக்கன் கதவுப் பக்கம் போகும்போதெல்லாம் அவரும் எழுந்து ஓட வேண்டியிருந்தது. ரமேஷ் போனில், "நல்ல ஹோமா பாத்துட்டேம்மா. உனக்கும் ஏதாவது ஆயிட்டா நான் யாரைப் பாக்கறது?" என்றான். அவன் சொன்னதிலும் தப்பில்லை. அக்கா போனை வைத்துவிட்டு, "ஊட்ல கீற வரைக்கும் நான் யாருன்னு ஒரு நாள் இல்லாட்டி ஒரு நாள் ஞாபகம் வரும். அங்க போய்ட்டா அதுவும் வராது" என்றார்.

வழி சொன்னது, அக்காவின் புண்ணுக்குக் கட்டு மாற்ற வரும் சுகாதார நிலைய நர்ஸ்தான். ஊனமுற்றோர் அட்டைக்கு இந்த நோய்க்கும் மனுப்போடலாம் என்றார். அம்பத்தூரில் மாதம் ஒருமுறை இப்படிப்பட்டவர்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தார் கூடிப் பேசுகிறார்கள் என்றார். அங்கே அக்காவை அழைத்துப் போனேன். ஒரு அம்மாள், தன் கணவர் பல்செட்டை அரிசி டப்பாவில் ஒளித்து வைத்ததையும், அது குக்கரில் வெந்ததையும் சொன்னார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான்கு மாதத்தில் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். மேனாம்பேட்டு இல்லத்தைப் பற்றிச் சொன்னதும் அந்த அம்மாள்தான்.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை. அக்காவும் கூட வந்தார். 8.40-க்குப் போய்ச் சேர்ந்தோம். சாதாரண வீடு, முன்னால் இரும்பு கேட், வேப்பமரம். பொறுப்பாளர் ஸ்டெல்லா சிஸ்டர், ஓய்வு பெற்ற நர்ஸ். டோக்கன் ஆட்டோவிலிருந்து இறங்கினார். கேட்டைப் பார்த்தார். நேரே போய் அதன் ஓரமாக முதுகை நிமிர்த்தி நின்றுகொண்டார்.

"உள்ள வாங்கய்யா" என்றார் சிஸ்டர்.

"நா எதுக்கு உள்ள? நா கேட்டு."

9.00 மணிக்கு வேன் வந்தது. பன்னிரண்டு முதியவர்கள் இறங்கினார்கள். டோக்கன் கையை நீட்டி வழியை மறித்தார். "டோக்கன போட்டுட்டு போ." ஒரு பெரியவர் பயந்து வேனில் திரும்ப ஏறிவிட்டார். ஒருவர் சட்டைப்பையிலிருந்து பாக்குப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். ஒரு பாட்டி மட்டும், "போட்டாச்சு போட்டாச்சு, நேத்தே போட்டாச்சு" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

மற்றவர்களை ஒருவழியாக உள்ளே அனுப்பினோம். அவரை மட்டும் அசைக்க முடியவில்லை. காபி ஆறுகிறது என்றேன். "டூட்டில குடிக்கறதில்ல." மேனேஜர் கூப்பிடுகிறார் என்றேன். "வந்து டோக்கன் போட சொல்லு." கையைப் பிடித்து இழுத்தேன். அது தப்பு. என்னை உதறித் தள்ளிவிட்டு, "எவன்டா நீ?" என்று கத்தினார். வேடிக்கையாகச் சொல்லவில்லை, உண்மையாகவே அவருக்கு நான் யாரென்று தெரியவில்லை.

9.40-க்கு சிஸ்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். "மனசு கேக்கலதான் சார். ஆனா எங்கிட்ட வேலைக்கு இருக்கிறது ரெண்டு பேர். ஒருத்தரை இவருக்காக ரோட்லயே நிறுத்த முடியாது. நீங்க கூட்டிட்டுப் போயிடுங்க."

ஆட்டோவில் உட்கார்ந்திருந்த அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவர் கட்டுப் போட்ட காலைப் பார்த்தபடி இருந்தார். பிறகு, "ரிலீவர் வந்தாரா?" என்று கேட்டார்.

"என்ன ரிலீவர்?"

"அடுத்த ஷிப்ட்டு ஆளு வந்து கைமாத்திக்காம அவரு ஒரு நாளும் கேட்ட உட்டதில்ல தம்பி. ரமேஷு பொறந்த அன்னிக்குக் கூட ரிலீவர் வர்ற வரைக்கும் நின்னுட்டு, சாயந்திரமாத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தாரு. நீ போய் ரிலீவர்னு சொல்லு."

நான் சட்டையைச் சரிசெய்துகொண்டேன். தெருமுனைவரை போய், அங்கிருந்து வேலைக்கு வருகிறவன்போல நடந்து வந்தேன். "அண்ணே, ரிலீவர் வந்துட்டேன்" என்றேன்.

ஏற இறங்கப் பார்த்தார். எண்ணைத்தான் கேட்பார் என்று தயாராக இருந்தேன். ஆனால் கேட்டைக் கைமாற்றும் புத்தகத்தில் மட்டும் எண் செல்லாது. பெயர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

"பேர் இன்னா?"

"தயாளன்."

என் நோட்டுப் புத்தகத்தை நீட்டினேன். அதில் எதையோ கிறுக்கினார். நானும் கையெழுத்துப் போட்டேன். "செரி தயாளா, கேட்டு உன்னுது. எவனையும் சும்மா உடாத" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்து உள்ளே போனார். நான் கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தபடி நின்றேன்.

நிற்கத்தான் வேண்டியிருந்தது. அரை மணிக்கு ஒருமுறை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, நான் இருக்கிறேனா என்று உறுதிசெய்துகொண்டார். பதினொன்றரைக்கு சிஸ்டர் வெளியே வந்து, "எல்லாருக்கும் நம்பர் குடுத்துட்டு இருக்காரு சார். ஆனா மூணுல ஆரம்பிக்கறாரு. ஒண்ணும் ரெண்டும் எங்கய்யான்னு கேட்டா, அது ஊட்ல கீதுங்கறாரு" என்றார்.

நான்கு மணி ஆயிற்று. "தங்கிட்டாரு" என்றார் சிஸ்டர். "ஆனா நீங்க நின்னதாலதான். ரெண்டு மூணு வாரம் காலையில எட்டரையிலேர்ந்து பத்தரை வரைக்கும் யாராவது வந்து கேட்டை வாங்கிக்கிட்டு நிக்கணும். அப்புறம் பழகிடும்னு நினைக்கறேன். உறுதியாச் சொல்ல மாட்டேன். இன்னிக்குப் பேசறவரு ஆறு மாசத்துல எப்படி இருப்பாருன்னும் சொல்ல மாட்டேன். சரின்னா சேத்துக்கறேன்."

சரி என்றேன். வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினோம். திறக்க ஐந்து நிமிடம் ஆயிற்று. காலையிலேயே திரும்பி வந்துவிட்ட அக்காவின் கன்னத்தில் பாயின் கோடுகள் பதிந்திருந்தன. "பத்தரைக்குப் படுத்தேன் தம்பி. இப்பத்தான் கண்ண தொறக்கறேன்" என்றார், ஏதோ தப்பு செய்துவிட்டவர்போல.

மாலையில் ஏரிக்கரைக்குப் போனேன். ஓய்வு பெற்ற பழைய ஆட்களிடம் விஷயத்தைச் சொன்னேன். "நம்மள எத்தன நாள் வெளிய நிக்க வெச்சாரு மனுசன். இப்ப அவருக்காக ரோட்ல நிக்கணுமா?" என்று கேட்டார் ஒருவர். கேட்டுவிட்டு, "எனக்கு வியாழக்கிழமை போடு" என்றார். திங்கள் முதல் வெள்ளிவரை ஐந்து நாளுக்கும் பெயர் சேர்ந்துவிட்டது. சனிக்கிழமைக்கு மட்டும் ஆள் இல்லை.

மறுநாள், புதன்கிழமை, முதல் வேலையாக ரமேஷுக்குப் போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தான். நடந்ததைச் சொன்னேன்.

"சனிக்கிழமை கட்டாயம் வந்துடு" என்றேன்.

"ஹோம்ல பேசி வெச்சிருக்கேண்ணே. அவங்ககிட்ட..."

"அதுக்கு இல்லப்பா. சனிக்கிழமை கேட்டுக்கு ஆள் இல்ல. உன் பேர எழுதி வெச்சிருக்கேன்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"எத்தன மணிக்கு வரணும்ணே?"

"எட்டேகாலுக்கே வந்துடு. லேட்டா வந்தா, பெத்த புள்ளைன்னுகூடப் பாக்க மாட்டாரு."