பேனரில் நின்ற மச்சான்

பொறாமைப்படுவதற்கும் ஒரு தகுதி வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரின் கார், கூட வேலை பார்ப்பவரின் புரமோஷன் என்று கௌரவமாகப் பொறாமைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் பொறாமைப்பட்டது டிவி சீரியலில் ப்ளஸ் டூ படிக்கிற ஒரு பையனைப் பார்த்து. அப்போது எனக்கு வயது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனி லேபில் வேலை. (எத்தனை தடவை துவைத்தாலும் என் உத்தியோகம் என்னவென்று சட்டையே சொல்லிவிடும்.)

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் பெண் பார்க்கப் போன ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் அவன் என் வாழ்க்கைக்குள் வந்தான். நிவேதா காபி கொடுத்துவிட்டு எனக்குச் சற்று முன்னால், டிவியைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்தாள். டிவியில் 'மணி அடிச்சாச்சு' சீரியலின் மறு ஒளிபரப்பு. மாப்பிள்ளை வீட்டாருக்கு மரியாதையாகச் சத்தத்தை மட்டும் குறைத்திருந்தார்கள். ரிஷி என்கிற கடைசி பெஞ்ச் பையன், தாரா என்கிற பெண்ணின் வீட்டு வாசலில் மழையில் நனைந்துகொண்டிருந்தான். நிவேதா என் பக்கம் திரும்பவே இல்லை. திடீரென்று கரண்ட் போனது. அப்போதும் அவள் அந்த இருண்ட டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"என்னம்மா சொல்ற?" என்று அவள் அப்பா கேட்டார்.

டிவியைப் பார்த்தபடியே "சரி" என்றாள்.

எல்லோரும் சிரித்துப் பேசிக் கேசரி சாப்பிட்டார்கள். நான் மட்டும் கேசரியைக் கிளறிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அணைந்துபோன டிவியையே இப்படிப் பார்க்கிறாள் என்றால், ஓடுகிற டிவியை எப்படிப் பார்ப்பாள்? அந்த "சரி" எனக்கா, அவனுக்கா?

எதிரியைத் தெரிந்துகொள்ள நானும் சீரியலைப் பார்க்க ஆரம்பித்தேன். பத்திக்கொண்டு வந்தது. ப்ளஸ் டூ படிக்கிறவன் ஒரு நாளாவது கெமிஸ்ட்ரி லேபுக்குப் போனானா? பிப்பெட்டைத் தொட்டானா? எந்நேரமும் ஸ்லோமோஷனில் முடியைக் கோதிக்கொண்டிருந்தான். தாராவின் மனதை நோகடிப்பான், அடுத்த வாரம் கிடாரைத் தூக்கிக்கொண்டு வருவான், அவளும் மன்னித்துவிடுவாள். அதே வகுப்பில் ஆனந்த் என்று ஒரு நல்ல பையன் இருந்தான். கண்ணாடி போட்டவன், வீட்டுப் பாடத்தை ஒழுங்காகச் செய்கிறவன், தாராவை மனதுக்குள்ளேயே காதலிக்கிறவன். அவனை ஒரு நாய்கூடச் சீந்தவில்லை. (எனக்கும் கண்ணாடி உண்டு.) ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. தாராவின் பிறந்தநாளை எல்லோரும் மறந்துபோய், ரிஷி மட்டும் ஞாபகம் வைத்திருந்த எபிசோடில் நான் தலையணை உறையில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். துடைத்த கையோடு அவனைத் திட்டினேன்.

தினமும் சீரியல் முடிந்ததும் நிவேதாவுக்குப் போன் போடுவேன். ரிஷி இன்றைக்கு என்ன செய்தான் என்று ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டு, அவள் குரலில் ஏதாவது குழைவு தெரிகிறதா என்று காதைத் தீட்டிக் கேட்பேன். அவள் "ம்" கொட்டுவாள். அந்த "ம்"மில் எவ்வளவு ஏக்கம் என்று நினைத்து எனக்குத் தூக்கம் போய்விடும்.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் ரிசப்ஷன். வேன் வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டிச் சிதம்பரத்துக்குள் நுழைந்து மண்டப வாசலில் நின்றது. என்கூட வேலை பார்க்கும் லால்பேட்டை சாதிக்தான் முதலில் இறங்கினான். இறங்கியவன் அப்படியே நின்றுவிட்டான்.

"மச்சான், இதுல மாப்ள யாருடா?"

வாசலில் பேனர். அதில் தலையிலிருந்து கால்வரை ரிஷி. ஸ்கூல் யூனிஃபார்ம், ஒற்றைத் தோளில் பை, அதே முடி. அவன் முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி ஹார்ட்டுக்குள் நானும் நிவேதாவும். கீழே 'பெண் வீட்டார்' என்று போட்டிருந்தது. வழியே போன பெரியவர் ஒருவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "பையனுக்கு இருவத்தொண்ணு ஆயிடுச்சா தம்பி?" என்று என்னிடமே விசாரித்தார்.

எனக்குக் கண் இருண்டது. கோட்டு சூட்டோடு பேனரின் சவுக்குக் கம்புச் சாரத்தில் ஏற ஆரம்பித்தேன். தோளில் போட்டிருந்த சால்வையால் அவன் மூஞ்சியை மூடிவிட வேண்டும், அவ்வளவுதான் திட்டம். "வாணாம் மச்சான், கயிறு லூசா இருக்கு!" என்று சாதிக் கத்தினான். ரிஷியின் இடுப்பு உயரத்துக்குப் போனபோது கட்டு நழுவியது. இரண்டு கிழிகிற சத்தம் கேட்டது. (ஒன்று பேனருடையது. இன்னொன்றைப் பற்றிப் பேச வேண்டாம்.) கால் அந்தரத்தில் ஆட, ரிஷியின் வலது காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தொங்கினேன்.

தலைக்கு மேல் ஏதோ ரீங்காரம். டிரோன். "சார், என்ட்ரி சூப்பர்! அப்புடியே இருங்க!" என்றார் கேமராக்காரர். அது மண்டபத்துக்குள் பெரிய எல்.இ.டி. ஸ்கிரீனில் நேரடியாக ஓடிக்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரியாது. பேண்டு செட்காரர்கள் வேறு, நல்ல நேரம் வந்துவிட்டதாக நினைத்து வாசிக்க ஆரம்பித்தார்கள்.

ஒரு கண்ணுக்கு மட்டும் மை தீட்டிய நிலையில் நிவேதா ஓடிவந்தாள். அவள் பின்னால் மொத்தக் கல்யாணக் கூட்டமும்.

"என்ன மாமா பண்றீங்க?"

"ஒனக்கு இவனத்தான் புடிக்கும்னா மொதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?" என்றேன், தொங்கியபடியே.

"எனக்கா? நான் அந்தக் கருமத்தப் பாக்குறத வுட்டு மாசக்கணக்கா ஆவுது! நீங்கதான் டெய்லி போனப் போட்டு ரிஷி அங்க போனான், ரிஷி இங்க வந்தான்னு உயிர எடுத்தீங்க. ஒங்களுக்கு அவன்னா உயிருன்னு நெனச்சு, அப்பாட்ட சண்ட போட்டுல்ல இத வைக்கச் சொன்னேன்!"

பேண்டு நின்றுவிட்டது. கேட்காமல் இருந்திருக்கலாம். ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை.

"அப்ப பொண்ணு பாக்க வந்தன்னிக்கு டிவியப் பாத்துக்கிட்டே சரின்னியே?"

அவள் முகம் சிவந்துபோனது. "கரண்ட் போனதும் டிவியில ஒங்க மூஞ்சி தெரிஞ்சிது. நேரா பாக்க வெக்கமா இருந்திச்சு. போதுமா? எறங்குங்க!"

இறங்கவில்லை, விழுந்தேன். மாமனார் என் கோட்டைத் தட்டிவிட்டுச் சபைக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: "மாப்ள, எம் பொண்ணுக்குக் கூடப் பொறந்தவன் கெடையாது. இந்தப் பையன அவளுக்கு அண்ணன்னு வச்சிக்குங்க. ஒங்களுக்கு மச்சான் மொற ஆயிடுச்சு. இன்னமே சண்ட கூடாது."

அன்றிலிருந்து அந்த நடிகர் எங்கள் உறவுக்காரர். சோப்பு விளம்பரத்தில் வந்தால்கூட, "மாமா, ஒங்க மச்சான் வந்துட்டாரு!" என்று நிவேதா அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பாள். ஆல்பத்தைப் புரட்டிய மகள், "அப்பா யாரு கால புடிச்சிக்கிட்டுத் தொங்குறாரு?" என்று கேட்டதற்கு, "ஒன் தாய்மாமன்டி" என்று பதில் வந்தது. காதுகுத்துக்கு அவனைக் கூப்பிட வேண்டும் என்று குழந்தை ஒரு வாரம் அழுதாள்.

கரண்ட் போனால் போதும், எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரே குரலில் "சரி!" என்று கத்துவார்கள். நானும்தான் கத்துகிறேன். கத்திக்கொண்டே இருண்ட டிவியை ஓரக்கண்ணால் பார்ப்பேன், நிவேதா பார்க்கிறாளா என்று. பார்ப்பாள்.