சொட்டு சாரும் திருட்டுப் போன குழாய்களும்

வீட்டுக்கு வந்தவருக்கு அரை தம்ளர் தண்ணீர் கொடுத்துவிட்டு, "மிச்சம் வச்சா அந்தக் கறிவேப்பிலைக்கு ஊத்திருங்க" என்று சொல்லக்கூடிய ஒரே மனிதரை மதுரைச் சீமை பெற்றிருந்தது. அவர்தான் எங்கள் சொட்டு சார்.

எழுமலைக்குப் பக்கத்தில் ஓர் அறக்கட்டளை நடத்திய மாதிரிப் பண்ணைக்கு அவர் மேலாளர், நான் உதவியாளர். குறைந்த தண்ணீரில் வெள்ளாமை செய்வது எப்படி, மேல்மண்ணைக் காப்பது எப்படி என்று விவசாயிகளுக்குச் செய்து காட்டுவது எங்கள் வேலை. சார் சற்று அதிகமாகவே செய்து காட்டுவார். குளியல் தினமும் ஒரு வாழை மரத்தடியில். முறை வைத்து, எந்த மரமும் கோபித்துக்கொள்ளாதபடி. பார்வையாளர்கள் கிளம்பும்போது வாசலில் நின்று, "செருப்பத் தட்டிட்டுப் போங்க. எங்க மண்ண எங்க கொண்டு போறீங்க?" என்பார். அதிகாரிகளின் பூட்சும் அதற்கு விலக்கல்ல.

விவசாயிகளும் ஆர்வமாகத்தான் வந்தார்கள். வடை தீரும்வரை கவனமாகக் கேட்டார்கள். அடுத்த காட்டுக்காரர் மாயாண்டி மட்டும் வடை தீர்ந்த பிறகும் நின்று, கத்திரிச் செடிக்கடியில் ஓடிய சொட்டுநீர்க் குழாயைக் காலால் நெம்பி, "என்ன சார், செடிக்குக் குளுக்கோஸ் ஏத்துறீகளா? காய்ச்சலா?" என்று விசாரித்துவிட்டுப் போவார். ஊரே சிரிக்கும். அவர் காட்டில் மோட்டார் ஓடினால் வாய்க்கால், வரப்பு, வண்டிப்பாதை எல்லாம் நனையும். சில சமயம் செடியும் நனையும்.

இப்படியே போனதில் அறக்கட்டளைக்குப் பொறுமை போய்விட்டது. இந்த வருஷத்துக்குள் ஒரு விவசாயியாவது சொட்டுநீருக்கு மாறாவிட்டால் பண்ணைக்குப் பூட்டு என்று சொல்லிவிட்டார்கள். சார் வீடு வீடாகப் போய் இலவசமாகவே குழாய் தருவதாகக் கெஞ்சினார். சும்மா கிடைப்பதில் ஏதோ சூது இருக்கிறது என்று ஊர் முடிவு செய்தது.

அந்த நேரம் பார்த்து ஒருநாள் காலையில் கத்திரிப் பாத்தியில் குழாய்களைக் காணவில்லை.

"தம்பி, எடுங்க வண்டிய! ஸ்டேஷனுக்குப் போறோம். எவனா இருந்தாலும் உள்ள தள்ளாம விடமாட்டேன்!"

பண்ணையைத் தாண்டி ஒரு வளைவு திரும்பியிருப்போம். மாயாண்டியின் மிளகாய்த் தோட்டத்தில் எங்கள் கறுப்புக் குழாய்கள் வெயிலில் பளபளத்தன. வண்டி நிற்பதற்குள் சார் குதித்து ஓடினார். மண்வெட்டியோடு நின்ற மாயாண்டிக்கு முகம் செத்துவிட்டது.

"சார்... சும்மா போட்டுப் பாத்தேன்..."

"யோவ், போடுற லட்சணமாய்யா இது? இம்புட்டு வளைச்சா கடைசிச் செடிக்குத் தண்ணி எப்படிப் போகும்? பில்டர் எங்க?"

"அதக் கழட்ட முடியல சார்."

"ஸ்பேனர் கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன்ல!"

ஸ்டேஷனுக்குக் கிளம்பிய வண்டியில் நான் பண்ணைக்குத் திரும்பிப் போய், தண்ணீரை வடிகட்டும் பில்டரைக் கழற்றிக்கொண்டு வந்தேன். அதற்குள் சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மிளகாய்ச் செடிகளுக்கு நடுவே குழாயை நேராக இழுத்துக்கொண்டிருந்தார். திருடியவர் மறுமுனையைப் பிடித்திருந்தார்.

"சார், புகார்?" என்றேன் மெதுவாக.

"ஓசியாக் குடுத்தும் ஒருத்தன் வாங்கல தம்பி. இப்ப களவாங்குற அளவுக்கு ஒருத்தனுக்கு ஆசை வந்திருக்கு. இத விட என்ன வேணும்?" என்றார்.

அந்தக் கோடையில் மற்றவர்களின் மிளகாய் வாடியபோது மாயாண்டியின் தோட்டம் பச்சையாக நின்றது. போகிற வருகிறவர்களெல்லாம் வரப்பில் நின்று, "எம்புட்டுத் தண்ணிண்ணே விடுறீக?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். பண்ணைக்கு விழ இருந்த பூட்டு விழவில்லை. அறக்கட்டளை வாடிப்பட்டியில் விழா எடுத்து, மாயாண்டிக்கு 'முன்னோடி விவசாயி' என்று பொன்னாடை போர்த்தியது. குழாய் அவருக்கு எப்படிக் கிடைத்தது என்று மேடையில் யாரும் கேட்கவில்லை. அவரும் அடக்கமாகச் சொல்லவில்லை.

சாரின் பெயரையும் யாரும் சொல்லவில்லை. அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து, உள்ளங்கை சிவக்கக் கைதட்டிக்கொண்டிருந்தார். மேடையில் என்ன நடந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. விழா முடியும்வரை நான் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.