மேலாளரின் கைராசி

செடி வளர்க்கும் கலையை மனித குலத்துக்குச் சொல்லித்தர ஒரு மகான் தோன்ற வேண்டியிருந்தது. தோன்றினார். ஓர் அலுவலகத்தின் நாலாவது மாடியில், ஏசி அறையில், மேலாளராக வந்து உட்கார்ந்தார்.

அவர் மேசையில் ஓர் அந்தூரியம் ஆறு வருடமாக ஓர் இலைகூடப் பழுக்காமல் சிவக்கச் சிவக்கப் பூத்து நின்றது. தினமும் மாலையில், தாம் குடித்து மிச்சம் வைத்த தேநீரை, பால் சர்க்கரையோடு, "குடிம்மா, குடி" என்று அதன் வேரில் ஊற்றுவார். இதற்கு 'தேநீர்ப் பாசனம்' என்று பெயரும் சூட்டியிருந்தார். ஊழியர்கள் இதைக் கண்டு மெய்சிலிர்க்க வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. சிலிர்த்தவர்களுக்குப் பதவி உயர்வு கிடைத்தது, அவ்வளவுதான்.

அந்த அலுவலகத்துக்கு நாற்பது பூந்தொட்டிகளை வாடகைக்கு விட்டிருந்த நர்சரிக்காரருக்கு மட்டும் இன்னொரு சின்ன விவரம் தெரியும். தேநீர் குடித்த செடி மூன்றாம் வாரம் வேர் அழுகித் தலை தொங்கிவிடும். ஆகவே இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, காவலாளியிடம் சாவி வாங்கி, பழையதைப் பிடுங்கிவிட்டு, அதே தொட்டியில் அதே உயரத்தில் புதிய செடியை நட்டுவிட்டு வருவார். ஒருமுறை மேலாளரின் மேசை இழுப்பறையில் சிக்கி ஓர் இலை கிழிந்தது. அன்றுமுதல் புதிய செடி ஒவ்வொன்றிலும் அதே இலையை அதே மாதிரி கிழித்தும் வைத்தார். தொழில் சுத்தம் என்றால் இதுவல்லவா!

செடிகளை நிழல்வலைக்கு அடியில் வளர்த்தது அவர் மனைவி. மேலாளருக்கென்று ஒதுக்கியதை 'பலி வரிசை' என்பாள்.

"ஒரு அந்தூரியத்தை ஆளாக்க எனக்கு ஒன்றரை வருஷம் ஆகுது. அந்த மனுஷன் ரெண்டே வாரத்துல சாகடிக்கிறாரு. டீ ஊத்தாதீங்க சார்னு சொன்னா உங்க வாயிலேர்ந்து முத்தா உதிர்ந்துடும்?"

"சும்மா இரு. அவர் சந்தோஷமா இருக்கிறதாலதான் நாற்பது தொட்டியும் அங்க நிக்குது."

ஆண்டுக் கூட்டம் வந்தது. நர்சரிக்காரரும் அழைக்கப்பட்டார். மேலாளர் எழுந்தார்.

"செடியை எல்லாம் விலைக்கு வாங்கிடறோம். இனிமே நர்சரி ஆளு வேண்டாம், எல்லாருக்கும் தேநீர்ப் பாசனப் பயிற்சி. ஆறு வருஷமா என் செடியை வேற யாராவது தொட்டதுண்டா? நர்சரிக்காரரே, நீங்களே சொல்லுங்க!"

உண்மை நர்சரிக்காரருக்குத் தொண்டைவரை வந்தது. போன ஞாயிறு தாமே கிழித்த இலையைப் பார்த்தார். சுற்றியிருந்த முகங்களைப் பார்த்தார்.

"எல்லாம் உங்க கைராசி சார்."

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. போகும்போது அவருக்கும் ஒரு தேநீர் கொடுத்தார்கள்.

மூன்றே வாரத்தில் நாற்பதும் பட்டுப்போயின. விசாரணைக் குழு கூடியது. அதன் தீர்ப்பு நர்சரிக்குக் கடிதமாக வந்தது. மனைவிதான் உரக்கப் படித்தாள்.

"'மேலாளரின் கைராசியைத் தாங்களே சபையில் ஒப்புக்கொண்டுள்ளதால், குறை தங்கள் செடிகளுடையதே என முடிவு செய்யப்படுகிறது. இத்தனை மட்டமான செடிகளை வளர்த்ததற்கு உடனடியாக விளக்கம் தரவும்.'"

மட்டமான செடி! அவள் கடிதத்தைக் கசக்கினாள்.

"நன்றி கெட்ட மனுஷன்," என்றார் நர்சரிக்காரர்.

"அவரை ஏன் திட்டுறீங்க? அவருக்குத்தான் ஒண்ணும் தெரியாதே. ஆறு வருஷத்துல அந்த மேசைக்குன்னு நான் நூத்தம்பது செடி வளர்த்தேன், ஒண்ணுகூட நிக்கலை. நீங்க வளர்த்தது ஒண்ணே ஒண்ணு. அது மட்டும் இன்னும் வாடலை."

"நான் என்னத்த வளர்த்தேன்?"

"அவரோட கைராசியை."