கீரையோடு நாற்பது நாள்

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கு நலம் என்று எழுதத்தான் ஆசை, ஹீமோகுளோபின் ஒத்துக்கொள்ளவில்லை. போனில் நீ பேசவிடமாட்டாய் என்பதால் கடிதம்.

ரத்தம் ஒன்பதில் நிற்கிறது, பதினொன்றைத் தொட்டால்தான் வயிற்றுக்கட்டியை எடுப்பேன் என்று டாக்டரம்மா சொன்ன அன்றே நீ, "மாத்திரையோட தினம் பசலைக்கீரையும் சாப்பிடுடி, நாப்பது நாள்ல பாரு" என்றாய். நாற்பத்தெட்டு வருடம் கீரையும் நானும் ஒருவரையொருவர் தொந்தரவு செய்யாமல் வாழ்ந்தவர்கள். கீரைக்காரம்மாவிடம் இதில் எது பசலை என்று கேட்டேன். "படிச்சவங்கதானே நீங்க?" என்றாள். நான்கு கட்டு வாங்கி, மூன்று தண்ணீரில் அலசி வேகவைத்தால் ஒரு கரண்டி தேறியது. அதிலும் பல்லில் மண். ஆனாலும், கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவள் சும்மா சாப்பிட்டுவிட முடியுமா? ஒப்பிட ஒரு ஆள் வேண்டாமா? இவர் ஆபீஸ் கேன்டீனில் சாப்பிட்டுவந்த கீரையை அடியோடு நிறுத்தினேன். "நான் என்ன தப்பு பண்ணேன்?" என்றார். "ஒண்ணும் பண்ணலை, அதனாலதான் உங்களை எடுத்தேன்" என்றேன். நாற்பதாம் நாள் இருவரும் ரத்தம் கொடுத்தோம். பெயர் தெரிந்தால் பரிசோதனைக்கூடப் பெண் ஒருபக்கம் சாய்ந்துவிடுவாள் என்று குப்பிகளில் ஒன்று, இரண்டு என்று மட்டும் போடச் சொன்னேன். "மேடம், பேர் எழுதுறதுதான் வழக்கம்" என்றாள். வழக்கத்தின் குறைகளை அவளுக்குக் கொஞ்சம் விளக்கினேன்.

முடிவு வந்துவிட்டது. முதல் குப்பி பத்து, இரண்டாவது பதினொன்றரை. முதல் குப்பி நான். கீரையைத் தொடாதவர் தேறிவிட்டார், தின்றவள் தேறவில்லை. ஆபரேஷன் தள்ளிப்போகிறது. எனக்குத் துணைக்கு இருக்க நீ எடுத்த பத்து நாள் லீவை ரத்துசெய்துவிடு. வருத்தம் ஒன்றும் இல்லை. நீ வந்தாலும் கீரையைப் பற்றித்தான் பேசுவாய்.

அத்தானுக்கு வணக்கம், அவர் முழங்காலுக்குத் தனியாக விசாரிப்பு.

உன் தங்கை.

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது பரிசோதனைக்கூடப் பெண் போன் செய்தாள். "மேடம், முதல்ல ஊசி போட்டது உங்க வீட்டுக்காரருக்கு. நீங்க எனக்குப் பாடம் எடுத்துட்டு நின்னீங்க." ஆக, பதினொன்றரை என்னுடையது. மாத்திரையும் விழுங்கியதால் கீரைக்கு முழு மதிப்பெண் கிடையாது. பத்து, இவருடையது. ஆரம்பத்தில் இவர் ரத்தத்தை அளக்காமல் விட்டதை வெளியே சொல்லாதே. "இப்பவாவது எனக்குக் கீரை உண்டா?" என்று கேட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்கிறார். உடனே டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன், ஆபரேஷனுக்கு இருபதாம் தேதி குறித்துவிட்டார். லீவை ரத்துசெய்யாதே. முடிந்தால் பதினெட்டாம் தேதியே வந்துவிடு அக்கா, கீரையைப் பற்றியே பேசு, பரவாயில்லை.